உடலுக்குள் பார்த்தவர்கள் – 9: பட்டினி தந்த நிழல்

சென்ற இதழில் இரைப்பையையும் குடலையும் பார்த்தோம். வால்டர் கேனன் பூனைகளுக்குப் பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து, இரைப்பை சுருங்கி விரிவதை எக்ஸ்ரே திரையில் கண்டார். பிறகு பிஸ்மத் போய்ப் பேரியம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அது நேர்வழி. வாய் இருக்கிறது, கொடுப்பதை விழுங்கலாம். விழுங்கியது போகும் பாதையெல்லாம் படத்தில் வெள்ளையாக விழும். பித்தப்பைக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு பை அது. நிரம்பியிருக்கும்போதும் சாதாரணமாக 50 மில்லிலிட்டருக்கு மேல் பிடிக்காது. ராண்ட்ஜன் தன் கதிரைக் கண்டுபிடித்து 28 ஆண்டுகள் ஆன பின்னும், உயிருள்ள மனிதரின் பித்தப்பையை ஒழுங்காகப் படத்தில் பார்த்தவர் எவருமில்லை.

கல் இருந்தால் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். சிறுநீரகக் கல் தெரிந்தது. கிளாஸ்கோவில் ஜான் மெக்கின்டயர் 1896லேயே அதைப் படம் பிடித்துவிட்டார். பித்தக்கல் மட்டும் சிக்கவில்லை. எக்ஸ்ரேயைத் தடுப்பதில் கணக்கில் வருவது பொருளின் கடினத்தைவிட அதிலுள்ள அணுக்களின் கனம். எலும்பிலும் பெரும்பாலான சிறுநீரகக் கற்களிலும் கால்சியம் இருக்கிறது. அதன் அணு எண் 20. மேலைநாட்டு நோயாளிகளின் பித்தக்கற்களில் பெரும்பாலானவை கொலஸ்டிரால் திரண்டு கட்டியானவை. கொலஸ்டிராலில் இருப்பதெல்லாம் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். சுற்றியிருக்கும் பித்தநீரிலும் சதையிலும் இருப்பவையும் பெரும்பாலும் அவையே. கதிர் இரண்டையும் ஒரே மாதிரி கடந்துபோய்விடுகிறது. போதிய கால்சியம் படிந்து தானாகவே படத்தில் தெரியும் கற்கள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான்.

படம் இல்லையே என்று அறுவை மருத்துவர்கள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. எக்ஸ்ரே பிறப்பதற்கு முன்பே, 1882 ஜூலை 15 அன்று, பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை முழுதாக அகற்றினார். நோயாளிக்கு வயது 43. அதில் 16 ஆண்டுகள் அந்த வலியோடு கழிந்தவை. அவர் பிழைத்து வீடு திரும்பினார். அதற்குப் பிறகு இந்த அறுவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஆனால் யாருக்குச் செய்வது என்று தெரிந்துகொள்ள மருத்துவரிடம் இருந்தது கை மட்டுமே. வலது விலா எலும்புக்குக் கீழே விரலை அழுத்திக்கொண்டு நோயாளியை மூச்சை இழுக்கச் சொல்வார். பாதியில் வலி பொறுக்காமல் மூச்சு நின்றால் பித்தப்பை அழற்சி. சிகாகோவின் ஜான் மர்ஃபி வகுத்த இந்தச் சோதனை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. கடும் அழற்சியில் அது கைகொடுக்கும். சாப்பிட்ட பின் வரும் மந்த வலி, மாதம் ஒருமுறை வந்து போகும் வலி, இவற்றில் கை தடுமாறும். குடற்புண், சிறுநீரகம், குடல்வால், சில சமயம் இதயமே கூட, எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் வலிக்கும். சந்தேகத்தின் பேரில் வயிற்றைத் திறந்து, உள்ளே குறையில்லாத பித்தப்பையைக் கண்டு, மூடித் தைத்தவர்கள் உண்டு.

எக்ஸ்ரே மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. பாஸ்டனில் ஏரியல் ஜார்ஜும் ரால்ஃப் லியோனார்டும் மங்கலான படங்களில் மெல்லிய நிழல்களைத் தேடினார்கள். வீங்கிய பித்தப்பை பக்கத்துக் குடலை அழுத்தித் தள்ளும் தடத்தைப் பேரியப் படத்தில் தேடினார்கள். 1922ல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். அவர்களுடைய கண் கூர்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜார்ஜ் கண்ட நிழலை அடுத்த ஊர் மருத்துவர் அதே படத்தில் காண முடியவில்லை என்றால், அந்த முறையை நம்பி வயிற்றைத் திறப்பது எப்படி?

இந்த இடத்தில்தான் எவார்ட்ஸ் கிரஹாம் வருகிறார். 1883ல் பிறந்தவர். 1919 முதல் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் அறுவைத் துறைத் தலைவர். மருத்துவம் முடித்த பின் வேதியியலை முறையாகப் படித்த அறுவை மருத்துவர். அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் அபூர்வம். அவர் மனைவி ஹெலன் டிரெட்வே கிரஹாம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; பின்னாளில் அதே பள்ளியில் மருந்தியல் பேராசிரியர். பித்தப்பையைப் பற்றிக் கிரஹாம் கேட்ட கேள்வி மற்றவர்கள் கேட்டதிலிருந்து வேறாக இருந்ததற்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கதிரை எப்படி வலுவாக்குவது, படத்தகட்டை எப்படி நுட்பமாக்குவது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, கதிரைத் தடுக்கும் பொருளைப் பித்தப்பைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்பையே வேலை வாங்க முடியுமா என்று அவர் யோசித்தார்.

அதற்கான இரண்டு துண்டுகள் ஏற்கெனவே அச்சில் இருந்தன. எழுதியவர்கள் யாரும் எக்ஸ்ரேயை மனத்தில் வைத்து எழுதவில்லை. முதல் துண்டு பால்டிமோரிலிருந்து. பள்ளி ஆய்வகத்தில் காரத்தில் ஒரு சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பாக மாறும் பினால்ப்தலீனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அன்று அது பேதி மருந்தும் கூட. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் ஏபலும் லெனார்ட் ரௌன்ட்ரீயும் அந்தக் குடும்பத்துச் சேர்மங்களை ஆராய்ந்தபோது, குளோரின் சேர்ந்த ஒரு வகை சிறுநீரில் வராமல் கல்லீரல் வழியாகப் பித்தநீரில் வெளியேறுவதை 1909ல் கண்டார்கள். இரண்டாவது துண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்திலிருந்து. பித்தப்பை எதற்கு இருக்கிறது என்ற பழைய கேள்விக்கு 1921ல் பேட்டன் ரௌஸும் ஃபிலிப் மக்மாஸ்டரும் விடை சொன்னார்கள். கல்லீரல் அனுப்பும் பித்தநீரிலுள்ள தண்ணீரை அந்தப் பை உறிஞ்சிவிடுகிறது. ஒரு நாளுக்குள் பத்தில் ஒரு பங்காக அதைச் சுண்ட வைத்துவிடுகிறது. வெறும் சேமிப்புப் பை என்று எண்ணியிருந்த ஒன்று வேலை செய்யும் உறுப்பாகத் தெரிந்தது. (இந்த ரௌஸ்தான் கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் வைரஸைக் கண்டவர், அதற்காக 1966ல், 87 வயதில், நோபல் பரிசு பெற்றார்.)

கிரஹாம் இரண்டையும் சேர்த்தார். குளோரினின் அணு எண் 17. அது படத்தில் எடுபடாது. அந்த இடத்தில் 35 எண்ணுள்ள புரோமினையோ 53 எண்ணுள்ள அயோடினையோ பொருத்தினால்? கல்லீரல் வித்தியாசம் பார்க்காமல் அதையும் பித்தநீரில் கலந்து அனுப்பும். பித்தப்பை அதைப் பத்து மடங்கு செறிவாக்கும். அப்போது அந்தப் பையே படத்தில் எழுந்து நிற்கும். ஊகம் அழகாக இருந்தது. அதை நாயிலும் முயலிலும் செய்து பார்க்கும் வேலையை 25 வயதுப் பயிற்சி மருத்துவர் வாரன் கோலிடம் ஒப்படைத்தார். வேண்டிய சேர்மங்களைச் செய்து கொடுத்தது அதே ஊரிலிருந்த மாலின்க்ராட் வேதிப்பொருள் நிறுவனம்.

1923 முழுக்கக் கோல் ஊசி போட்டார், படம் எடுத்தார், ஒன்றும் தெரியவில்லை. சில சேர்மங்கள் கரையவில்லை. சில விலங்கைக் கொன்றன. உயிரோடு விட்டவை நிழல் தரவில்லை. அளவைக் கூட்டினார், குறைத்தார், படம் எடுக்கும் நேரத்தை மாற்றினார். பிறகு ஒருநாள், ஒரே ஒரு நாயின் படத்தில், கல்லீரலுக்குக் கீழே தெளிவான வெள்ளை உருவம். அதே மருந்து, அதே அளவு. மற்ற நாய்களில் எதுவும் இல்லை. அதே முறையைத் திரும்பச் செய்தார். பழையபடி வெறும் படம்தான் வந்தது. அந்த ஒரு நாய்க்கு மட்டும் என்ன நடந்தது என்று விலங்குகளைப் பராமரித்தவரிடம் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அன்று காலை அந்த நாய்க்குத் தீனி வைக்க அவர் மறந்துவிட்டார். கோல் பிற்காலத்தில் பலமுறை சொன்ன செய்தி இது.

அந்த மறதி ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? கல்லீரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வயிறு காலியாக இருக்கும்போது, பித்தநாளம் முன்சிறுகுடலில் திறக்கும் வாயிலுள்ள சுருக்குத்தசை மூடியிருக்கும். போக இடமில்லாத பித்தநீர் பின்னே ஏறிப் பித்தப்பைக்குள் சேரும், அங்கே சுண்டும். சாப்பிட்டதும், குறிப்பாகக் கொழுப்பு குடலைத் தொட்டதும், பித்தப்பை சுருங்கும், சுருக்குத்தசை தளரும், எல்லாம் குடலுக்குள் வடிந்துவிடும். கோலின் நாய்கள் தவறாமல் காலையில் சாப்பிட்டன. ஊசியில் ஏற்றிய சாயம் கலந்த பித்தநீர் பைக்குள் தங்காமலே ஓடிப்போனது. பசித்திருந்த நாயில் மட்டும் பை அதைப் பிடித்து வைத்துச் சுண்ட வைத்தது. ரௌஸ் எழுதியதைக் கிரஹாமும் கோலும் படித்திருந்தார்கள். அதை வைத்துத்தான் சோதனையையே அமைத்தார்கள். ஆனாலும் தீனி வைக்கும் நேரத்தை யாரும் யோசிக்கவில்லை. இதை நான் வெறும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்ல விரும்பவில்லை. ஒரு நல்ல படம் வந்ததும் மகிழ்ந்துபோய் அடுத்த வேலையைப் பார்க்காமல், இது ஏன் வந்தது என்று கூண்டுவரை போய் விசாரித்த இளைஞரின் பிடிவாதம்தான் இங்கே வேலை செய்தது.

அடுத்தது மனிதர். 1924 பிப்ரவரியில் கிரஹாமும் கோலும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சிறு முன்னறிக்கை வெளியிட்டார்கள். புரோமின் சேர்ந்த அந்தச் சேர்மத்தை ஐந்தாறு கிராம் அளவில் நரம்பில் ஏற்றி, உணவில்லாமல் வைத்து, சில மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் பித்தப்பை. இரண்டு பக்கக் கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. ஆனால் அந்த ஊசி நோயாளிக்குச் சுலபமாக இல்லை. குமட்டல், வாந்தி, தலைவலி, இரத்த அழுத்தம் சரிவது. ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து சதையில் கசிந்தால் அந்த இடம் அழுகியது. அயோடின் கனமானது என்பதால் குறைந்த அளவே போதும் என்று விரைவில் புரோமினை விட்டு அயோடினுக்கு மாறினார்கள். அளவு ஏறக்குறையப் பாதியானது, அவதியும் குறைந்தது. 1925லேயே வேறு மருத்துவர்கள் அதை வாய்வழி கொடுக்கத் தொடங்கினார்கள். பேதி மருந்தின் உறவுக்கார மருந்து ஆயிற்றே, வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. இருந்தாலும் ஊசியைவிட மேல் என்று மக்கள் விழுங்கினார்கள். 1928ல் கிரஹாம், கோல், குளோவர் கோஃபர், எக்ஸ்ரே மருத்துவர் ஷெர்வுட் மூர் நால்வரும் சேர்ந்து பித்தப்பை, பித்தநாள நோய்கள் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார்கள்.

இந்தப் படத்தில் ஒரு விசேஷம் உண்டு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி அது. பேரியப் படம் வடிவத்தைக் காட்டுகிறது. பித்தப்பைப் படமோ அந்த உறுப்பு தன் வேலையைச் செய்ததா என்பதைக் காட்டுகிறது. சாயத்தைக் கல்லீரல் எடுத்திருக்க வேண்டும். பித்தநாளம் அடைபடாமல் இருந்திருக்க வேண்டும். பையின் உட்சுவர் தண்ணீரை உறிஞ்சியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நிழல் விழாது. அதனால் வெறுமையான படமே ஒரு நோய்க்கணிப்பு ஆனது. நோயாளி மருந்தை வாந்தி எடுக்காமல் உள்ளே வைத்திருந்தும், கல்லீரல் நன்றாக இருந்தும், மறுநாள் திரும்பக் கொடுத்தும் பித்தப்பை தெரியவில்லை என்றால், அது கெட்டுவிட்டது அல்லது அதன் கழுத்து அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்றும் தெரியாத ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அறுவைக்கு நாள் குறித்த காலம் அது.

1940ல் ஜெர்மனியில் மாக்ஸ் டோர்னும் பால் டீட்ரிக்கும் பினால்ப்தலீன் குடும்பத்தையே விட்டுவிட்டு வேறோர் அயோடின் சேர்மத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அதன் பெயர் பிரையோடாக்ஸ். வாந்தி பேதி வெகுவாகக் குறைந்தது. 1950களின் தொடக்கத்தில் வந்த டெலிபேக் மாத்திரைதான் நெடுங்காலம் நின்றது. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடின். உலகமெங்கும் எக்ஸ்ரே துறைகளில் ஒரு தலைமுறைக்கே பழக்கமான நடைமுறை ஒன்று அதையொட்டி உருவானது. முதல்நாள் இரவு எண்ணெய், வெண்ணெய், முட்டை எதுவும் சேராத எளிய சாப்பாடு. பிறகு அரை கிராம் மாத்திரை ஆறு, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத் தண்ணீரோடு. அதன்பின் விடியும்வரை எதுவும் கிடையாது. காலையில் குப்புறப் படுக்க வைத்துச் சற்றே சாய்த்து ஒரு படம். நிற்க வைத்து ஒரு படம். நிற்க வைப்பதில் காரணம் உண்டு. சாயம் ஏறிய பித்தநீர் கனமாகிவிடும். இலேசான கொலஸ்டிரால் கற்கள் அதில் மிதந்து, பையின் நடுவில் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கும். படுத்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்த கடுகளவுக் கற்கள்கூட நின்ற படத்தில் கறுப்புப் புள்ளிகளாக எண்ணிவிடலாம் போலத் தெரியும். சுற்றியுள்ள வெள்ளைதான் கல்லைக் காட்டிக் கொடுத்தது.

அது முடிந்ததும் முட்டையும் வெண்ணெயும். உடற்கூறு ஆய்வாளர் எட்வர்ட் பாய்டன் முட்டை மஞ்சட்கருவும் பாலேடும் சேர்ந்த உணவு பித்தப்பையை நன்றாகச் சுருக்குகிறது என்று 1920களில் காட்டியிருந்தார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படம். பை எந்த அளவு சுருங்கியது என்று பார்ப்பார்கள். இரத்தத்தின் வழியே இந்தச் சேதியைக் கொண்டுபோவது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் என்று சிகாகோவில் ஆண்ட்ரூ ஐவியும் எரிக் ஓல்ட்பெர்க்கும் 1928ல் கண்டார்கள். நோயாளிக்கான சோதனை ஒன்று உடலியலுக்குத் திரும்பக் கொடுத்த பரிசு என்றே அதைச் சொல்ல வேண்டும். பித்தப்பை சுருங்குவதை உயிருள்ள மனிதரில் பார்க்க முடிந்ததால்தான் அந்த ஆய்வுகளுக்கு அவ்வளவு கவனம் கிடைத்தது.

எல்லா மருந்தும் டெலிபேக் போல நடந்துகொள்ளவில்லை. ஓராபிலெக்ஸ் என்ற பெயரில் வந்த ஒன்று சிலருக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது, மரணங்களும் நேர்ந்தன, 1960களின் முற்பகுதியில் அது விற்பனையிலிருந்து போனது. உயிர் காக்கும் மருந்தென்றால் ஓரளவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். படம் எடுப்பதற்காக மட்டும் கொடுக்கும் மருந்தில் அந்தக் கணக்கே வேறு. இந்தத் துறையில் ஒவ்வொரு புது மாத்திரையையும் அந்தக் கணக்கோடுதான் பார்த்திருக்க வேண்டும்.

இனிப் பித்தநாளங்கள். கதையின் கடினமான பாதி இதுதான்.

பித்தப்பை சாயத்தைச் சுண்ட வைப்பதால் தெரிகிறது. கல்லீரலிலிருந்து இறங்கும் நாளங்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. அவற்றில் ஓடும் சாயம் நீர்த்துப்போனது. மாத்திரை கொடுத்து எடுத்த படத்தில் அவை சரியாகத் தெரியாது. ஆனால் ஆபத்து அங்கேதான் அதிகம். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பொதுநாளத்தில் போய் அடைத்தால் மஞ்சள் காமாலை, காய்ச்சல், சில சமயம் கணைய அழற்சி. பித்தப்பையை எடுத்தாயிற்று என்று நோயாளி நிம்மதியாக இருக்கும்போது, நாளத்தில் விட்டுப்போன கல் மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். இம்முறை தழும்புத் திசுக்களின் நடுவே. அறுவையின்போது நாளத்தில் கல் இருக்கிறதா என்று அறிய மருத்துவர் விரலால் தடவிப் பார்த்தார். சந்தேகம் வந்தால் நாளத்தைக் கீறி உலோகக் கம்பியை விட்டுத் துழாவினார். கீறியதில் பாதிக்கு மேல் வீண் என்பதும் அவருக்குத் தெரியும்.

அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் பாப்லோ மிரிஸி 1931ல் அறுவை மேசையிலேயே படம் எடுக்கத் துணிந்தார். வயிறு திறந்திருக்கிறது, நாளம் கண்ணெதிரே இருக்கிறது. அதற்குள் நேரே மருந்தைச் செலுத்தினால் கல்லீரலின் தயவு எதற்கு? கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்த லிப்பியோடால் அப்போது பிரான்சிலிருந்து வந்து பரவியிருந்தது. அதை ஊசியால் ஏற்றி, நோயாளியின் முதுகுக்கடியில் வைத்த தகட்டில் படம் பிடித்தார். தகட்டைக் கழுவிக் கொண்டுவரும்வரை அறுவைக் குழு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மயக்க நிலையில் ஒருவர், திறந்த வயிறு, ஓடிக்கொண்டிருக்கும் நிமிடங்கள். இதற்காகவே பலர் ஏற்க மறுத்தார்கள். எண்ணெய் பித்தநீரோடு கலக்காமல் குமிழ் குமிழாகப் பிரிவதும் தொல்லை. குமிழா, கல்லா என்று குழப்பும். நீரில் கரையும் மருந்துகள் வந்த பிறகு அது தீர்ந்தது.

மிரிஸி தன் படங்களை வைத்து நாளத்தின் நடுவில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது என்றும் நம்பினார். அப்படி ஒன்று இல்லை என்று பின்னர் தெரிந்தது. பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல் பக்கத்து நாளத்தை நெரித்து அடைப்பதை அவர் 1948ல் விவரித்தார். அதுதான் இன்றும் அவர் பெயரால் வழங்கும் நோய்நிலை. சுருக்குத்தசை பற்றிய விளக்கம் தவறு, படத்தில் கண்டது சரி. வயிற்றில் துளையிட்டுப் பித்தப்பையை எடுக்கும் இந்நாளிலும், தவறான குழாயை வெட்டிவிடாமல் இருக்க மேசையிலேயே படம் எடுக்க வேண்டும் என்று ஒரு சாராரும், சந்தேகம் வந்தால் மட்டும் போதும் என்று இன்னொரு சாராரும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் முதல் கட்சி. வெட்டுப்பட்ட பித்தநாளம் ஒரு மனிதரின் மீதி ஆயுளையே மாற்றிவிடும்.

வயிற்றைத் திறக்காமலே நாளத்தைப் பார்க்க 1953ல் பெர்லினின் ஷேரிங் நிறுவனம் பிலிகிராஃபின் என்ற ஊசி மருந்தைத் தந்தது. ஒரு மூலக்கூறில் ஆறு அயோடின் அணுக்கள். கல்லீரல் அதை அவ்வளவு செறிவாக வெளியேற்றியதால், பித்தப்பையே இல்லாதவரிடமும் அரை மணி ஒரு மணி நேரத்தில் நாளம் தெரிந்தது. அறுவைக்குப் பின்னும் வலி நீங்காதவர்களுக்கு அது பெரிய வரம். ஒவ்வாமையும் இரத்த அழுத்தச் சரிவும், அரிதாக மரணமும் அதோடு வந்தன. மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றார்கள்.

அதற்கும் ஓர் எல்லை இருந்தது. கிரஹாம் தொடங்கி பிலிகிராஃபின் வரை எல்லா மருந்தும் கல்லீரலைத்தான் நம்பியிருந்தன. காமாலை முற்றிய நோயாளியின் கல்லீரல் சாயத்தை வெளியேற்றாது. யாருடைய நாளத்தைப் பார்த்தே தீர வேண்டுமோ அவருடைய நாளம்தான் தெரியாது. அடைப்பால் வந்த காமாலை என்றால் அறுவை வேண்டும். கல்லீரல் அழற்சியால் வந்ததென்றால் அறுவையே ஆளைக் கொன்றுவிடக்கூடும். கட்டிலில் கிடப்பவர் மஞ்சளாக இருக்கிறார், சிறுநீர் கறுத்திருக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, திறக்கலாமா, காத்திருக்கலாமா? வாரக்கணக்கில் கவனித்துக்கொண்டிருப்பது தவிர வேறு வழி தெரியாமல் மருத்துவர்கள் திணறினார்கள்.

வழியை முதலில் காட்டியது ஹனோய். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவின் மருத்துவப் பள்ளியில் பியர் உவார் என்ற பிரெஞ்சுக்காரரும் தோ சுவான் ஹோப் என்ற வியட்நாமியரும் 1937ல் விலா எலும்பின் கீழே ஊசியைக் குத்தி, கல்லீரலைத் துளைத்து, உள்ளே விரிந்திருந்த பித்தநாளத்தைத் தொட்டு லிப்பியோடாலைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அடைப்பினால் வீங்கிய நாளங்கள் பெரிதாக இருப்பதே அவர்களுக்கு உதவியது. கல்லீரல் வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கட்டுரையை இந்தோசீன மருத்துவ-அறுவைச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். மற்ற நாட்டு மருத்துவர்கள் அதைக் கவனிக்கவில்லை. 15 ஆண்டுகள் கழித்து 1952ல் அமெரிக்காவில் கார்ட்டரும் சேபோலும் அதே வழியை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய பிறகே அது பலருடைய கைக்கு வந்தது. காலனி நாட்டில் அச்சான ஒரு நல்ல கட்டுரைக்காகக் காமாலை நோயாளிகள் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை நினைக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. தோ சுவான் ஹோப் பின்னாளில் வியட்நாமின் முன்னணி உடற்கூறு ஆசிரியராக விளங்கினார்.

அன்றைய ஊசிகள் தடிமனானவை. துளை வழியே பித்தநீர் வயிற்றுக்குள் கசியும், இரத்தம் ஒழுகும். ஆகவே அறுவை அரங்கைத் தயாராக வைத்துக்கொண்டுதான் குத்துவார்கள். படம் எடுத்த கையோடு அறுவைக்குக் கொண்டுபோவார்கள். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் குனியோ ஓகுடாவின் குழு 0.7 மில்லிமீட்டர் விட்டமே உள்ள, வளைந்து கொடுக்கும் ஊசியைப் பயன்படுத்தி 1974ல் முடிவுகளை வெளியிட்டது. நோயாளி மூச்சுவிடும்போது கல்லீரல் ஏறி இறங்கும். மெல்லிய ஊசி அதோடு சேர்ந்து வளையும், கிழிக்காது. நாளம் வீங்காதிருந்தாலும் பல சமயம் தொட முடிந்தது. சிபா ஊசி என்றால் இன்று எந்த எக்ஸ்ரே துறையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

டெலிபேக் மாத்திரையை ஓய்வுபெற வைத்தது அல்ட்ராசவுண்ட். 1970களின் பிற்பகுதியில், அசைவை அப்போதைக்கப்போதே காட்டும் கருவிகள் வந்ததும், மாத்திரையோ கதிரோ இல்லாமல் கல் தெரிந்தது. கல் ஒலியைத் திருப்பி அனுப்பும். அதன் பின்னால் கறுத்த நிழல் விழும். கல்லீரல் ஒத்துழைக்க வேண்டியதில்லை, காமாலையும் தடையில்லை. ஆனால் இன்றும் வயிற்று ஸ்கேனுக்கு வருபவரிடம் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். பித்தப்பை நிரம்பியிருந்தால்தான் அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியும்.

வாரன் கோல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் அறுவைத் துறைத் தலைவராக இருந்து 1990ல் காலமானார். தான் தொடங்கிவைத்த சோதனையின் எழுச்சி, ஓய்வு இரண்டையும் பார்த்தவர். கிரஹாம் 1933ல் புற்று வந்த ஒரு நுரையீரலை முழுதாக எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் மருத்துவர். 1950ல் புகையையும் நுரையீரல் புற்றையும் இணைத்துக் காட்டிய ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர். நெடுநாள் புகைத்தவர், 1957ல் நுரையீரல் புற்றாலேயே இறந்தார். அவர் நுரையீரலை எடுத்த அந்த நோயாளி அவருக்குப் பின்னும் வாழ்ந்தார்.

பித்தநாளத்தை அடைய, மேலேயிருந்து கல்லீரலைத் துளைப்பது ஒரு வழி. கீழேயிருந்து, குடலில் நாளம் திறக்கும் அந்தச் சின்ன வாய் வழியாகவே ஏறினால் என்ன? 1968ல் வாஷிங்டன் நகரில் வில்லியம் மக்கியூன் ஓர் உள்நோக்குக் கருவியோடு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்துக் கட்டி, முன்சிறுகுடல்வரை இறக்கி, அந்த வாயைத் தேடினார். இரண்டாண்டுகளுக்குள் ஜப்பானியர்கள் அதற்கென்றே பக்கவாட்டில் பார்க்கும் கருவியைச் செய்துவிட்டார்கள். 1974ல் ஜெர்மனியின் எர்லாங்கனிலும் ஜப்பானின் கியோட்டோவிலும் அந்த வாயை உள்ளிருந்தே கீறிக் கல்லை வெளியே எடுத்தார்கள். அடுத்த இதழில் அந்தக் குழாயின் கதை.

(தொடரும்)